இரவல் பெட்டி

என் வீட்டுக்காரர் சுகுமாறனுக்கு ஒரு கொள்கை உண்டு. எங்கள் வீட்டு வரிசையில் யார் கார் வாங்கப் போனாலும் ஒரே மாடலைத்தான் வாங்கச் சொல்வார். நிறம் மட்டும் அவரவர் இஷ்டம். "எல்லாரும் ஒரே காடியா வாங்குங்க லா. ஒண்ணு படுத்துக்கிட்டா இன்னொண்ணுல கழட்டிப் போட்டுக்கலாம்" என்பார். அவர் பேச்சைக் கேட்டு, கோலா பிலா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் செம்பனைத் தோட்டத்துக் குடியிருப்பில் பாதிப் பேர் அதே பழைய காரை வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ஒரு மோட்டார் சைக்கிள்தான். காலையில் எல்லாரும் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் ஒரு வீட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் பள்ளிக்கூடம் போவது மாதிரி இருக்கும்.

மிளகாய்த்தூள் தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கேட்பதுபோலக் காரின் பாகங்களையும் கேட்பது எங்களுக்குப் பழகிவிட்டது. ஒருவர் பேட்டரி இன்னொருவர் காரில் இருக்கும். ஒரு கல்யாணத்துக்கு ஈப்போ வரை போக நல்ல டயர் நான்கையும் இரவல் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தவர் திருப்பிக் கேட்க மறந்த கதையும் உண்டு. இதற்கெல்லாம் தலைவர் என் வீட்டுக்காரர்.

அவர் இதே தோட்டத்தில் பிறந்தவர். அப்பா டிராக்டர் ஓட்டியவர். மகனுக்குப் படிப்பு ஏறவில்லை என்று ஊரில் சொல்வார்கள். அவரைக் கேட்டால், வாத்தியாருக்குத்தான் சொல்லிக் கொடுக்க வரவில்லை என்பார். மீசை முளைப்பதற்குள் சிரம்பானில் ஒரு சீனர் பட்டறையில் சேர்ந்து, கார் வயரிங் கற்றுக்கொண்டார். அந்தத் தவுக்கே, பட்டறை முதலாளி, சொல்லிக் கொடுத்த வழி ஒன்றே ஒன்று. எது கெட்டது என்று உட்கார்ந்து யோசிக்காதே. நல்ல பாகம் ஒன்றைக் கொண்டுவந்து போட்டுப் பார். ஓடினால் பழையது கெட்டது. ஓடாவிட்டால் வேறு எதையாவது போட்டுப் பார். அங்கே போட்டுப் பார்க்க அலமாரி நிறையப் பாகங்கள் இருந்தன. திரும்பி வந்து இங்கே தகரக் கொட்டகை போட்டபோது அவருக்கு அலமாரி ஏது? வரிசையில் நின்ற கார்கள்தான் அலமாரி.

நான் குமுதவல்லி. தமிழ்ப்பள்ளிக் கண்டீனில் சமைக்கிறேன். கல்யாணமான புதிதில் நான் மிக்சியைப் போட்டால், முன் அறையிலிருந்தே "பேரிங் தேஞ்சு போச்சு" என்று குரல் கொடுப்பார். நான் இருமினால் மட்டும் காதில் விழாது. கை சுத்தம் உள்ள மனிதர், வேலையில் பொய் கிடையாது. ஆனால் ஒரு வண்டியின் நோய் தெரியும்வரை அவருக்குச் சோறு இறங்காது. எனக்கு அவரிடம் பிடித்ததும் அதுதான், பிடிக்காததும் அதுதான். அந்தக் குணத்தால் வந்த வினையைத்தான் சொல்லப் போகிறேன்.

எதிர் வீட்டு வள்ளிநாயகி அக்கா தோட்டத்து நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். அவர் கணவர் ஆறுமுகம் அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரத்துக்கு மூன்று முறை இயந்திரத்தில் படுத்து இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். பிலாவில் இடம் காலியாக இல்லாததால் அம்பாங்கானில் ஒரு மையத்தில் மதிய நேரத்துக்கு ஒரு படுக்கை கிடைத்தது. புக்கிட் புத்துஸ் மலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்காவே ஓட்டுவார். கார்? வேறென்ன, அதே மாடல்தான்.

ஒரு திங்கட்கிழமை அந்தக் கார் மலை ஏறும்போது பாதியில் நின்றுவிட்டது. வெயிலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் சாலை ஓரத்தில் நின்றிருக்கிறார்கள். ஆறிய பிறகு கிளம்பியது, கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. என் தம்பி புனிதன் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தான். அவனும் அதே மாடல் வைத்திருப்பவன். அதில்தான் விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் பிழைக்கிறான். அவன் மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் அம்பாங்கான் மையத்தில் அண்ணனுடைய நேரம் தாண்டிவிட்டது. படுக்கையில் அடுத்த ஆள் படுத்துவிட்டார். புதன்கிழமை தவறாமல் வரச் சொன்னார்கள், அதுவரை தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை பூராவும் என் வீட்டுக்காரர் அந்தக் காரோடு மல்லுக்கட்டினார். கைப்பேசியில் பார்க்கிற சின்ன ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். தீப்பொறி சரியாக வரவில்லை என்று அது சொன்னது. பிளக்கை மாற்றினார். வயரை மாற்றினார். சாயங்காலம் வண்டி கிளம்பவே இல்லை. கடைசியில் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியைக் கழற்றினார். உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அடங்குகிற அலுமினியப் பெட்டி. பெட்ரோலை எப்போது விடுவது, தீப்பொறியை எப்போது கொடுப்பது என்று இஞ்சினுக்குச் சொல்லிக் கொடுப்பது அதுதான். மூடியைத் திறந்ததும் கருகிய வாடை வந்தது. உள்ளே ஒரு மூலையில் கறுப்பாக ஒரு புள்ளி.

"பொட்டி போயிருச்சு" என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நோய் தெரிந்துவிட்டதல்லவா.

புதன்கிழமை காலையில் எல்லா ஏற்பாடும் ஒழுங்காகத்தான் இருந்தது. வரிசையில் இருந்த மற்ற கார்கள் வேலைக்குப் போய்விட்டன. பள்ளி விடுமுறை என்பதால் எனக்குக் கண்டீன் வேலை இல்லை, நான் வீட்டில் இருந்தேன். புனிதன் அன்று காலை ஓட்டம் எதுவும் எடுக்காமல், அண்ணனைத் தன் காரில் அம்பாங்கானுக்குக் கொண்டுபோக ஒப்புக்கொண்டிருந்தான். அண்ணன் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பேச்சுக்கு நடுவில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அந்த நேரம்தான் எங்களைக் கெடுத்தது.

"புனிதா, ஒம் பொட்டியக் கொஞ்சம் கழட்டுறேன்" என்றார் என் வீட்டுக்காரர். "அக்கா காடியில போட்டுப் பாத்துட்டு உடனே திருப்பி மாட்டிடுறேன்."

"இப்பவா மாமா? போய்ட்டு வந்துர்றேனே."

"நீ வர்றதுக்குள்ள சிரம்பான்ல பழைய சாமான் கடைய சாத்திருவான் லா. கரண்டு சாமான் எடுத்தா திருப்பி வாங்க மாட்டான். பொட்டிதான்னு உறுதியா தெரிஞ்சாத்தான் நான் போய் எடுக்க முடியும்."

எனக்கு மனசு கேட்கவில்லை. "மொதல்ல அண்ணன கொண்டு போய் விட்டுட்டு வரட்டுங்க. பொட்டி எங்க ஓடிரப் போவுது?" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. காலை நீட்டிப் புனிதன் காருக்குள் ஏற்கனவே படுத்துவிட்டார். தம்பி தோளைக் குலுக்கினான். எங்கள் குடியிருப்பில் கேட்டதை இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது, அதுவும் அக்காள் புருஷனிடம்.

புனிதனின் பெட்டியை அக்காவின் காரில் பொருத்தினார். சாவியைத் திருப்பியதும் கார் சட்டென்று கிளம்பியது. வள்ளிநாயகி அக்கா கை கூப்பினார். ஆறுமுகம் அண்ணன்கூட உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை. சூடான பிறகும் ஓடுகிறதா என்று தெரிய வேண்டும் என்று, ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தார். விசிறி சுற்ற ஆரம்பித்தது. பிறகு இஞ்சின் ஒரு முறை விக்கியது. இன்னொரு முறை விக்கி நின்றுவிட்டது. அதே கருகிய வாடை கொட்டகை முழுக்க வந்தது.

அவர் அந்தப் பெட்டியைக் கழற்றி ஓடிப்போய்ப் புனிதன் காரில் திருப்பி மாட்டினார். அவசரத்தில் சாக்கெட் முதலில் சரியாக உட்காரவில்லை. மாட்டிச் சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, பற்றவில்லை. நேற்று வரை விமான நிலையத்துக்குப் போய் வந்த கார்.

"மாமா, என் பொட்டியையும் எரிச்சிட்டீங்களா?" என்றான் புனிதன். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

வாடகைக் காரைக் கைப்பேசியில் கூப்பிட்டோம். எங்கள் தோட்டத்துக்குள் வர யாரும் எடுக்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஒன்று வந்தது. அதன் படி உயரம், அண்ணனால் காலைத் தூக்க முடியவில்லை. புனிதனும் டிரைவரும் தூக்கப் பார்த்தபோது அவருக்கு மூச்சு அடைத்தது. உதடு கறுத்துவிட்டது. வள்ளிநாயகி அக்கா அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே "ஆம்புலன்ஸ கூப்புடுங்க, ஆம்புலன்ஸ கூப்புடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் கூப்பிட்டேன். செம்பனைகளுக்கு நடுவே செம்மண் சாலையில் அது வந்து சேரும்வரை நான் கும்பிடாத சாமி இல்லை.

ஆம்புலன்ஸ் அண்ணனைப் பிலா மருத்துவமனைக்குக் கொண்டுபோனது. அக்காவும் நானும் அதிலேயே போனோம். நுரையீரலில் தண்ணீர் கட்டிவிட்டது என்றார்கள். அங்கேயே அவசரமாக இயந்திரத்தில் போட்டார்கள். பிழைப்பார் என்று சாயங்காலம்தான் சொன்னார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது இவர் கொட்டகையில் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே இக்னிஷன் காயில் ஒன்று கிடந்தது. பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் சின்னக் கட்டை அது. மின் அளவு பார்க்கும் மீட்டரின் இரண்டு ஊசியையும் அதில் வைத்துவிட்டு எடுப்பார், மறுபடி வைப்பார்.

"காயில் உள்ளுக்குள்ள ஷார்ட்டாயிருக்கு" என்றார். "சூடானா முழுசா ஒட்டிக்குது. இதுதான் அவுங்க பொட்டிய மொதல்ல எரிச்சிருக்கு. அதுலயே கொண்டு போய் நல்ல பொட்டிய மாட்டுனேன். மாட்டுறதுக்கு முன்னாடி இத அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும். மீட்டர் என் கையிலதான் இருந்துச்சு, குமுதா."

அவர் மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெட்டி கெட்டது உண்மை. ஆனால் அதைக் கெடுத்தது எது என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா? போட்டுப் பார், போட்டுப் பார் என்று பழகிய கைக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. சொல்ல நிறைய இருந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் மருத்துவமனைக்கு அவரும் வந்தார். வார்டு வாசலில் நின்றுகொண்டு, நடந்ததை ஒளிக்காமல் வள்ளிநாயகி அக்காவிடம் சொன்னார். காயிலைச் சொன்னார், அளக்காததைச் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அதெல்லாம் எனக்கு வெளங்காது தம்பி" என்றார் கடைசியில். "நான் ஒண்ணுதான் கேக்குறேன். எங்கள கொண்டு போக ஒரு காடி நின்னுச்சு. நல்லாத்தான் நின்னுச்சு. அத ஏன் அன்னைக்குக் கழட்டுன?"

எனக்குத் தெரியும் பதில். நோய் என்னவென்று தெரியாமல் இருக்க முடியாத மனிதர். நாற்காலியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவரைவிட, திறந்து கிடந்த பானெட்தான் அந்த நேரத்தில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. அதை அங்கே வாய்விட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் வேலை செய்த விதமே வேறு. மோட்டாரில் சிரம்பானுக்குப் போய், பழைய கார்களை வெட்டி விற்கும் கடைகளில் ஏறி இறங்கி, அதே எண் உள்ள பெட்டி இரண்டைத் தேடிப் பிடித்து வந்தார். புனிதனின் காரில் ஒன்றை முதலில் மாட்டிக் கொடுத்தார். தம்பி சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். இன்றுவரை என்னிடம்கூட அளந்துதான் பேசுகிறான்.

அக்காவின் காருக்குப் பெட்டியைக் கடைசியில்தான் தொட்டார். புதுக் காயில் வாங்கி, அதையும் அளந்துவிட்டுப் பொருத்தினார். காயிலிலிருந்து பெட்டிவரை போகும் ஒவ்வொரு வயரையும் தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். எர்த் கம்பியைச் சுரண்டித் துடைத்து முடுக்கினார். அப்புறம்தான் பெட்டி. அப்போதும் திருப்தி இல்லை. உச்சி வெயிலில் காரைத் தோட்டத்து மேட்டில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். வேறு யாரும் ரிப்பேருக்கு வண்டி கொண்டுவரவில்லை, அது வேறு விஷயம். எங்கள் வீட்டுப் பக்கம் காரை நிறுத்துவதையே வரிசையில் எல்லாரும் விட்டிருந்தார்கள். இரவல் பேச்சு அடியோடு நின்றுபோனது.

ஆறுமுகம் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி ஒரு தடவைகூடத் தவறக் கூடாது, தவறினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மறுபடி அம்பாங்கான், மறுபடி அந்த மலை. கிளம்ப வேண்டிய நாளில் புனிதன் விடிகாலையிலேயே ஓட்டத்துக்குப் போய்விட்டான். இவர் அக்காவின் காரைக் கழுவித் துடைத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணனைப் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு வள்ளிநாயகி அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறவில்லை.

"காடி நல்லாயிருச்சா தம்பி?"

"நல்லாயிருச்சு அக்கா. எல்லாம் அளந்து பாத்துட்டேன்."

"அப்படின்னா ஒம் மகளக் கூப்புடு. திலகா எங்கூட வரட்டும். மலையில நின்னா நாங்க மூணு பேருமா நிப்போம்."

எங்கள் மகள் திலகா பள்ளி விடுமுறையில் வீட்டில்தான் இருந்தாள். பேச்சைக் கேட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். இவர் அவளையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். பயணத்துக்கு மகளை அனுப்ப அவர் பயப்படவில்லை. மலையில் வண்டி நின்று, பின் சீட்டில் ஒரு மனிதன் மூச்சு விட முடியாமல் கிடப்பதை அவள் பார்க்கும்படி ஆகிவிட்டால்? அப்படி நடக்காது என்று சொல்ல அவரால் முடியவில்லை. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. பெற்றவர்களிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அக்காவின் நிலையில் நான் இருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன், அதுவும் எனக்குத் தெரியும்.

"அவ எதுக்கு? நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். சமையலுக்குப் போட்டிருந்த ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

நான் என் வாழ்க்கையில் ஒரு இஞ்சினின் சத்தத்தை அப்படிக் கேட்டதில்லை. கொஞ்சம் மாறினாலும் பானெட்டில் புகை வருகிறதா என்று பார்த்தேன். உலு பெண்டுல் அருகில் மழை பிடித்துக்கொண்டது. அக்கா அடிக்கடி கண்ணாடியில் பின்னால் பார்த்தார். முதலில் அண்ணனைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அண்ணன் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் ஒரு மோட்டார் வந்துகொண்டிருந்தது. மழைச் சட்டைகூட இல்லாமல் என் வீட்டுக்காரர். பட்டறைச் சாமான் பையை வயிற்றோடு கட்டிக்கொண்டு, லோரிகள் அடித்த சேற்றுத் தண்ணீரில் நனைந்துகொண்டு, எங்களை விட்டுவிடாமல் வந்தார். மலை ஏறும்போது பின்தங்கினார். வளைவு முடிந்ததும் மறுபடி விளக்கு தெரிந்தது. அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த இரக்கத்தை எப்படிச் சொல்வது? அழுதுவிடக் கூடாது என்று ஏப்ரனைப் பிடித்துக்கொண்டேன்.

கார் மலையை ஏறி முடித்தது. எங்கும் நிற்கவில்லை. அந்தப் பக்கம் இறங்கும்போது, சாலை ஓரத்தில் ஆளில்லாத டுரியான் கடை ஒன்றின் முன்னால் அக்கா சிக்னல் போட்டுக் காரை நிறுத்தினார். சாவியைத் திருப்பி இஞ்சினையும் அணைத்தார்.

பின்னால் மோட்டார் சறுக்கிக்கொண்டு வந்து நின்றது. அவர் ஸ்டாண்டைக்கூடப் போடவில்லை, மோட்டாரைப் புல்லில் சாய்த்துவிட்டுப் பையோடு ஓடி வந்தார். அந்த முகத்தில் இரத்தமே இல்லை. நேராகப் பானெட்டில் கை வைத்துத் திறக்கப் பார்த்தார். உள்ளிருந்து நெம்புகோலை இழுக்காமல் அது திறக்காது என்பது உலகத்துக்கே தெரியும், அவருக்குத்தான் அப்போது தெரியவில்லை.

அக்கா கண்ணாடியை இறக்கினார்.

"காடி நிக்கல தம்பி. நாந்தான் நிப்பாட்டுனேன். மோட்டார அந்தக் கடையில போட்டுட்டு ஏறு."

அவர் பானெட்டின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. அக்கா இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய்க் கடைக்குள் நிறுத்திவிட்டு வந்து, பின் கதவைத் திறந்து, ஈரத்தோடு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். பெட்டி எரிந்த அன்று அழாத மனிதர், மருத்துவமனை வாசலில் அழாத மனிதர், அங்கே உட்கார்ந்து அழுதார். அவரைத் தேற்ற எங்களில் யாரும் முயலவில்லை. அண்ணனுடைய நேரத்துக்கு இன்னும் அதிகம் இல்லை. அக்கா சாவியைத் திருப்பினார், கார் கிளம்பியது.